மணியோசை கேட்டது, யானையைக் காணோம்

ஒரு காலத்தில் நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். கோடு போட்ட சாதாரண நோட்டு. ஒரு பங்கை இன்ன தேதிக்குள் இன்ன விலைக்கு வாங்கும் உரிமை கால் ஆப்ஷன், விற்கும் உரிமை புட் ஆப்ஷன், அந்த விலைதான் ஸ்ட்ரைக். தினமும் சந்தை முடிந்த பிறகு இவற்றின் பட்டியலான ஆப்ஷன் செயினைத் திறந்து, கவனித்து வந்த ஐந்தாறு பங்குகளுக்கு எந்த ஸ்ட்ரைக்கில் கால் ஆப்ஷனின் ஓப்பன் இன்ட்ரஸ்ட் (நிலுவையில் நிற்கும் ஒப்பந்தங்கள்) அதிகம், எதில் புட் அதிகம், புட்டுக்கும் காலுக்கும் விகிதம் என்ன என்று பென்சிலால் குறித்துக்கொள்வேன். கடைசிக் கட்டத்தில் ஒரு அம்புக்குறி. மேலே பார்த்தால் பங்கு ஏறும், கீழே பார்த்தால் இறங்கும். மறுநாள் மாலை அந்த அம்புக்குப் பக்கத்தில் ஒரு டிக் அல்லது ஒரு பெருக்கல் குறி.

நான்கு மாதம் இப்படி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். டிக்கும் பெருக்கல் குறியும் கிட்டத்தட்ட சரிபாதி. பூவா தலையா போட்டிருந்தால் பென்சிலாவது மிச்சமாகியிருக்கும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. ஆப்ஷன் சந்தையைப் பற்றிப் பலருக்கும் இருக்கும் நம்பிக்கை இதுதான். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் ஆப்ஷனில் கை வைப்பார்கள், பங்கு அப்புறம்தான் நகரும். அதனால் ஆப்ஷன் பக்கம் காதை வைத்துக்கொண்டால் போதும். நானும் அப்படித்தான் நம்பினேன். இது முழுப் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். மணி சில சமயம் யானையின் கழுத்தில்தான் இருக்கிறது. சில சமயம் தெருவில் போகும் யாரோ ஆட்டுகிறார்கள். இன்னும் சில சமயம் மணியின் கயிற்றை இழுத்தால் யானையே நகர்கிறது. ஓசை மட்டும் மூன்றிலும் ஒன்றுதான்.

நோட்டு எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன். ஒரு பங்கு 100-இல் இருந்தது. 110 ஸ்ட்ரைக்கில் கால் ஆப்ஷன்கள் மலைபோலக் குவிந்திருந்தன. 'அங்கே பெரிய ரெசிஸ்டன்ஸ், அதைத் தாண்டாது' என்று நோட்டில் எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் அந்த 110 காலை விற்றும் வைத்தேன். கையில் வந்த விலை, அதாவது பிரீமியம், 1. இரண்டு நாள் கழித்து காலாண்டு முடிவு வந்தது. பங்கு காலையில் 118-இல் திறந்தது. ஒன்று வாங்கிய இடத்தில் எட்டுக்கு மேல் கொடுத்து வெளியே வந்தேன். 110-இல் நான் பார்த்தது சுவர் என்று நினைத்திருந்தேன். கதவு திறக்கக் காத்து நின்ற கூட்டமாக அது இருந்திருக்கிறது.

இதில் எனக்கு உறைத்த விஷயம் பணம் அல்ல. அதே நாள், அதே 110 எண்ணைப் பார்த்து இன்னொருவர், 'கால் இவ்வளவு குவிந்திருக்கிறது, எல்லாரும் ஏற்றத்துக்குத் தயாராக இருக்கிறார்கள்' என்று வாங்கியிருப்பார். ஒரு கூட்டம் ஓப்பன் இன்ட்ரஸ்ட்டை விற்றவர் பக்கமிருந்து வாசிக்கிறது: ஆப்ஷன் ரைட்டர்கள் பெரிய கைகள், அவர்கள் விற்ற இடத்தை விலை தாண்டாது என்கிறது. இன்னொரு கூட்டம் வாங்கியவர் பக்கமிருந்து வாசிக்கிறது: பணம் போட்டு வாங்கியவனுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்கிறது. எண் ஒன்று, முடிவு நேரெதிர். இரண்டு பேருமே தங்களுக்கு வசதியான ஆளைக் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

ஏனென்றால் ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்பது இன்னும் முடிக்காமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். பத்தாயிரம் என்று திரையில் இருந்தால் வாங்கியதும் பத்தாயிரம், விற்றதும் பத்தாயிரம். யார் அவசரப்பட்டு வந்தார், யார் சும்மா எதிரில் நின்று கொடுத்தார், கையில் ஏற்கெனவே பங்கை வைத்துக்கொண்டு காப்புக்காக வாங்கியவரா, சூதாட வந்தவரா, எதுவும் அந்த எண்ணில் இல்லை. நான் நான்கு மாதம் எழுதியது ஆள் பெயர் இல்லாத வருகைப் பதிவேடு.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம்.

சிகாகோவில் பட்டியலிட்ட ஆப்ஷன்களுக்கென்றே ஒரு சந்தை 1973 ஏப்ரல் 26 அன்று திறந்தது. 16 பங்குகளின் மீது, கால் ஆப்ஷன் மட்டும். முதல் நாள் வியாபாரம் 911 ஒப்பந்தங்கள். புட் வருவதற்கு 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1973-இல்தான் ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் தங்கள் விலைச் சூத்திரத்தை வெளியிட்டார்கள். அந்தச் சூத்திரத்தின் அழகே இதுதான்: பங்கையும் கடனையும் சரியான விகிதத்தில் கலந்து, விலை மாற மாற விகிதத்தையும் மாற்றிக்கொண்டே போனால் ஒரு ஆப்ஷனை அப்படியே பிரதி எடுத்துவிடலாம். அப்படியானால் ஆப்ஷன் பங்கின் நிழல். பங்கு நகர்ந்தால் நிழல் நகரும். நிழலைப் பார்த்துப் பங்கு நகர எந்தக் காரணமும் அந்தக் கணக்குக்குள் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஃபிஷர் பிளாக்கே 1975-இல் எழுதிய ஒரு கட்டுரையில், முக்கியமான தகவல் கையில் இருப்பவர் பங்கை விட்டு ஆப்ஷன் பக்கம் போகக்கூடும் என்று சொல்லிவிட்டார். காரணம் சாதாரணம். போடுகிற காசுக்குக் கிடைக்கும் வீச்சு அங்கே அதிகம். 100-இல் இருக்கும் பங்கு நாளை 120 ஆகும் என்று எனக்கு மட்டும் தெரிந்தால், 100 போட்டு 20 சம்பாதிக்கலாம்; அல்லது 110 ஸ்ட்ரைக் காலை 1 கொடுத்து வாங்கி 10 எடுக்கலாம். அதே முதலுக்கு எத்தனை மடங்கு என்று பாருங்கள். களவாணித்தனம் செய்பவனுக்கு எந்தப் பக்கம் கை போகும் என்று சொல்லத் தேவையில்லை.

2013 பிப்ரவரியில் நடந்தது இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஹைன்ஸ் உணவு நிறுவனத்தை பெர்க்‌ஷயர் ஹாத்வேயும் த்ரீஜி கேப்பிட்டலும் சேர்ந்து வாங்கப்போவதாக 14-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. முந்தைய நாள் ஒரு ஸ்விஸ் கணக்கின் வழியாக ஹைன்ஸ் கால் ஆப்ஷன்கள் வாங்கப்பட்டிருந்தன. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் ஹைன்ஸைத் தொட்டே பார்க்காத கணக்கு. போட்ட பணம் கிட்டத்தட்ட 90 ஆயிரம் டாலர். அறிவிப்பு வந்த அன்று அதன் மதிப்பு 18 லட்சம் டாலர் அளவுக்குப் போனது. அமெரிக்கக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்.இ.சி. மறுநாளே நீதிமன்றம் போய்க் கணக்கை முடக்கியது. அந்த வருடமே சம்பந்தப்பட்டவர்கள் கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். மணியும் யானையும் ஒன்றாக மாட்டிய இடம்.

இப்போது இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். 2001 செப்டம்பர் 11-க்குச் சில நாள் முன்பு, கடத்தப்பட்ட விமானங்களை இயக்கிய இரண்டு நிறுவனங்களின் பங்குகளிலும் புட் ஆப்ஷன் வாங்குவது திடீரென்று எகிறியிருந்தது. பங்கு விழுந்தால் லாபம் தரும் ஆப்ஷன்கள். இதைவிடச் சந்தேகத்துக்குரிய எண் உலகத்தில் இருக்க முடியாது என்றுதான் எவருக்கும் தோன்றும். இன்றும் இணையத்தில் இது சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் விசாரணை ஆணையம் ஆள் யார் என்று தேடிப் போனபோது கிடைத்தது வேறு. செப்டம்பர் 6 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸ் புட்களில் 95 சதவீதத்தை வாங்கியது அல்கொய்தாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரே ஒரு அமெரிக்க முதலீட்டு நிறுவனம். அதே திட்டத்தின் இன்னொரு பாதியாக, 10-ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பங்குகளை 1,15,000 எண்ணிக்கையில் அது வாங்கியும் இருந்தது. அமெரிக்கன் மீதான புட்களில் பெரும்பகுதி, 9-ஆம் தேதி ஞாயிறன்று சந்தாதாரர்களுக்கு ஃபேக்ஸில் போன ஒரு முதலீட்டு மடலின் பரிந்துரையால் வந்தவை.

ஒரு ஃபேக்ஸ். ஹைன்ஸின் திரையும் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் திரையும் அந்தந்த நாளில் பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். வழக்கத்தைவிடப் பல மடங்கு வியாபாரம், ஒரே பக்கமாக. ஒன்றில் ஆள் விஷயம் தெரிந்தவர். மற்றதில் ஆள் ஒரு மடலின் வாசகர்.

இந்த 'யார்' என்ற கேள்வியை எண்ணாகவே மாற்றிப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. ஜுன் பானும் ஆலன் போடெஷ்மனும் 2006-இல் வெளியிட்டது. சிகாகோ சந்தையிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த தரவு நாம் திரையில் பார்ப்பது போன்றது அல்ல. ஒவ்வொரு வியாபாரத்திலும் வாங்கியது வாடிக்கையாளரா, நிறுவனமா, புதிதாக நிலை எடுத்தாரா, பழையதை முடித்தாரா என்பதெல்லாம் அதில் இருந்தது. புதிதாக நிலை எடுக்க வாங்கிய புட், கால் இவற்றை மட்டும் வைத்து விகிதம் போட்டார்கள். புட் விகிதம் குறைவாக இருந்த பங்குகள், அதிகமாக இருந்த பங்குகளைவிட மறுநாள் 0.40 சதவீதத்துக்கு மேலும், அடுத்த வாரத்தில் 1 சதவீதத்துக்கு மேலும் கூடுதலாக ஏறின. ஆப்ஷனில் தகவல் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பக்கம் இருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் அதை வசதியாக விட்டுவிடுவார்கள். எல்லாருக்கும் கிடைக்கும் பொதுத் தரவை வைத்து அதே விகிதத்தைப் போட்டால் பலன் தேய்ந்துவிடுகிறது. கொஞ்சம் வந்தாலும் ஓரிரு நாளில் திரும்பிப் போய்விடுகிறது. தகவல் ஆளில் இருக்கிறது. ஆளை உரித்து எடுத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் தட்டில் வைத்தால் கையில் வருவது சக்கை. என் நோட்டு முழுக்கச் சக்கை.

பொதுத் தரவில் எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆள் தெரியாவிட்டாலும் அவர் ஏன் இந்த வாசல் வழியாக வந்தார் என்று ஊகிக்க முடிகிற இடங்கள் உண்டு. கெட்ட செய்தி அப்படிப்பட்டது. நல்ல செய்தி தெரிந்தவர் நேராகப் பங்கையே வாங்கலாம். கெட்ட செய்தி தெரிந்தவர் பங்கை ஷார்ட் அடிக்க வேண்டும், அதாவது கையில் இல்லாத பங்கை இப்போது விற்று, இறங்கிய பிறகு வாங்கித் திருப்ப வேண்டும். அதற்கு முதலில் பங்கைக் கடன் வாங்க வேண்டும். கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் வாடகை அதிகமாக இருக்கலாம். அதனால் அவர் ஆப்ஷன் பக்கம் ஒதுங்குகிறார். புட் வாங்கலாம், கால் விற்கலாம். இதை வைத்துத்தான் ஜான்சனும் ஸோவும் 2012-இல் ஒரு எளிய விகிதத்தைச் சோதித்தார்கள். ஒரு பங்கின் ஆப்ஷன் வியாபாரத்தை அதே பங்கின் சாதாரண வியாபாரத்தால் வகுப்பது. காலா புட்டா, வாங்கினாரா விற்றாரா என்று எதையும் பார்ப்பதில்லை. அந்த விகிதம் மிகக் குறைவாக இருந்த பங்குகள், மிக அதிகமாக இருந்தவற்றைவிட வாரத்துக்குச் சராசரியாக 0.34 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தன. ஆப்ஷனில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் அது பெரும்பாலும் கெட்ட செய்தி என்று அர்த்தம். கால் அதிகமானால் ஏறும், புட் அதிகமானால் இறங்கும் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகவே இருக்கும்.

இதையே விலையில் பார்க்க வேண்டுமென்றால் 2000 மார்ச் மாதத்தின் பாம் கதை. கைக்கடக்கமான கணினிகள் செய்த பாம் நிறுவனம் 2-ஆம் தேதி சந்தைக்கு வந்தது. தாய் நிறுவனமான த்ரீகாம் கொஞ்சம் பங்குகளை மட்டும் வெளியே விட்டுவிட்டு, 95 சதவீதத்தைக் கையில் வைத்திருந்தது. பிறகு அதைத் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. ஒரு த்ரீகாம் பங்கு வைத்திருந்தால் ஏறத்தாழ ஒன்றரை பாம் பங்கு கிடைக்கும். அப்படியானால் த்ரீகாமின் விலை பாமைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் அல்லவா? முதல் நாள் முடிவில் பாம் 95 டாலர், த்ரீகாம் 82 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது பாமைக் கழித்துவிட்டால், கையில் ரொக்கமும் தொழிலும் வைத்திருந்த த்ரீகாமின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே. கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் தெரிகிற தப்பு. ஆனால் பாமை ஷார்ட் அடிக்கக் கடனுக்குப் பங்கு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

அந்த மாதமே பாமின் மீது ஆப்ஷன் வியாபாரம் தொடங்கியது. ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பயரியில் (ஆப்ஷன் காலாவதியாகும் நாளில்) காலை வாங்கிப் புட்டை விற்றால் பங்கையே வைத்திருப்பதற்குச் சமம். அதனால் இரண்டின் விலையும் பங்கின் விலையோடு ஒரு கணக்கில் பொருந்த வேண்டும். பாமில் பொருந்தவில்லை. புட்கள் கால்களைவிட அநியாய விலை. ஆப்ஷன்களை வைத்துக் கணக்குப் போட்டால் வந்த பாம் விலை, திரையில் ஓடிய பாம் விலையைவிட வெகு கீழே இருந்தது. பங்குச் சந்தையில் சொல்ல இடம் கிடைக்காத உண்மையை ஆப்ஷன் சந்தை சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த மாதங்களில் பாம்தான் இறங்கி வந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் மணியோசை. இனி கயிற்றை இழுக்கும் விஷயம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. கணக்குப் போட்டால் போதும், விலை நகரும்.

நீங்கள் ஒரு கால் ஆப்ஷனை வாங்கும்போது எதிரில் நின்று விற்பவர் பல சமயம் மார்க்கெட் மேக்கர். அவருக்குப் பங்கு ஏறுமா இறங்குமா என்பதில் அக்கறை இல்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள சில்லறைதான் அவர் பிழைப்பு. பங்கு 100-இல் இருக்கும்போது 100 ஸ்ட்ரைக் காலை அவர் 1,000 ஒப்பந்தங்கள் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்துக்கு 100 பங்கு என்றால் மொத்தம் 1 லட்சம் பங்குகளுக்கான பொறுப்பு. அந்த ஆப்ஷனின் டெல்டா 0.5 அளவில் இருக்கும். பங்கு 1 ஏறினால் ஆப்ஷன் அரை ஏறும். தன் தலையைக் காத்துக்கொள்ள அவர் உடனே 50,000 பங்குகள் வாங்கி வைத்துக்கொள்கிறார். பங்கு 102-க்குப் போகிறது. டெல்டா 0.6 ஆகிறது. இப்போது கையில் 60,000 பங்குகள் வேண்டும். இன்னும் 10,000 வாங்குகிறார். விலை ஏறிய பிறகு, ஏறிய விலையில். திரும்ப 98-க்கு இறங்கினால் டெல்டா 0.4, கையிலிருப்பதில் 20,000-ஐ இறங்கிய விலையில் விற்கிறார்.

அவர் முட்டாள் இல்லை. ஒவ்வொரு முறையும் இழக்கும் சில்லறைக்கு ஈடாகத்தான் பிரீமியத்தை முன்னாலேயே வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் பங்கின் பக்கமிருந்து பாருங்கள்: ஏறும்போது வாங்க ஒருவர், இறங்கும்போது விற்க ஒருவர் எப்போதும் தயார். ஏற்றமும் இறக்கமும் இரண்டுமே பெரிதாகின்றன. டெல்டா இப்படி மாறும் வேகத்தைத்தான் காமா என்கிறார்கள். எக்ஸ்பயரி நெருங்க நெருங்க, ஸ்ட்ரைக்குக்கு மிக அருகில் இந்த வேகம் பேயாட்டம் ஆடும்.

இதையே திருப்பிப் போடுங்கள். வாடிக்கையாளர்கள் ஆப்ஷனை விற்று, மார்க்கெட் மேக்கர் வாங்கி வைத்திருக்கிறார் என்றால் எல்லாம் தலைகீழ். ஏறினால் அவர் பங்கை விற்பார், இறங்கினால் வாங்குவார். பங்கு எந்தப் பக்கம் ஓடினாலும் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல ஸ்ட்ரைக்குக்கே திரும்பி வரும். நி, பியர்சன், போடெஷ்மன் மூவரும் 2005-இல் காட்டியது இதைத்தான். எக்ஸ்பயரி நாளன்று, ஆப்ஷன் உள்ள பங்குகளின் முடிவு விலை ஸ்ட்ரைக் விலைகளை ஒட்டிக் குவிகிறது; ஆப்ஷன் இல்லாத பங்குகளில் அப்படிக் குவியவில்லை. மார்க்கெட் மேக்கர்கள் தலையைக் காத்துக்கொள்ளச் செய்யும் இந்த ஹெட்ஜ் ஒரு காரணம். தரகு நிறுவனங்கள் சொந்தக் கணக்கில் வேண்டுமென்றே விலையைத் தள்ளிவிடுவது இன்னொரு காரணம் என்றும் எழுதினார்கள். ஆப்ஷன் வாங்கியவர்களுக்கு மொத்தத்தில் அதிக நஷ்டம் தரும் விலையை 'மேக்ஸ் பெயின்' என்று சொல்லி, பங்கு அங்கேதான் போய் நிற்கும் என்று சத்தியம் செய்பவர்கள் இந்த ஆய்வைத் துணைக்கு அழைப்பார்கள். விளைவின் அளவையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்: சராசரியாகக் குறைந்தது 0.165 சதவீதம். மொத்தச் சந்தைக்குக் கூட்டினால் பெரிய தொகைதான். ஒரு பங்கை வைத்துப் பந்தயம் கட்டுபவருக்குத் தரகுச் செலவுக்கே காணாது.

கவனித்தீர்களா, இங்கேயும் அதே கேள்விதான். 110-இல் பத்தாயிரம் கால் இருக்கிறது என்ற ஒரே எண், மார்க்கெட் மேக்கர் விற்றிருந்தால் பங்கைப் பிடித்துத் தள்ளும். அவர் வாங்கியிருந்தால் பிடித்து நிறுத்தும்.

ஆப்ஷனே வாங்காமல் ஆப்ஷன் போல நடந்துகொண்டாலும் இதே கதிதான். 1980-களில் பெரிய நிதிகள் 'போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ்' என்ற பெயரில், புட் வாங்குவதற்குப் பதிலாக, சந்தை இறங்க இறங்க ஃபியூச்சர்ஸை (பின்னால் ஒரு தேதியில் நடக்கும் வியாபாரத்துக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களை) விற்றுக்கொண்டே போகும் ஏற்பாட்டை வைத்திருந்தன. 1987 அக்டோபர் 19 அன்று எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வந்தார்கள். அமெரிக்கப் பங்குக் குறியீடான டௌ ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது முக்கியமானது.

வீடியோ கேம் கடைகள் நடத்தும் கேம்ஸ்டாப் பற்றிச் சொல்லாமல் போனால் திட்டுவீர்கள். 2021 ஜனவரியில் அந்தப் பங்கு 20 டாலருக்குக் கீழே தொடங்கி, 27-ஆம் தேதி 347 டாலரில் முடிந்தது. சிறு முதலீட்டாளர்கள் கால் ஆப்ஷன்களை வாங்கிக் குவித்தார்கள், மார்க்கெட் மேக்கர்கள் ஹெட்ஜுக்காகப் பங்கை வாங்கித் தள்ளினார்கள், அதில் விலை எகிறியது, இது 'காமா ஸ்க்வீஸ்' என்று உலகமே சொன்னது. நானும் நண்பர்களிடம் மேலே உள்ள அதே 50,000, 60,000 கணக்கை வரைந்து காட்டி விளக்கினேன். அவ்வளவு பொருத்தமான கதை. அந்த அக்டோபரில் எஸ்.இ.சி. அலுவலர்களின் அறிக்கை வந்தது. அவர்களிடம் ஆள் பெயரோடு தரவு இருந்தது. ஆப்ஷன் வியாபாரம் பெருகியது உண்மைதான், ஆனால் பெருகியதில் பெரும்பகுதி புட் வாங்கியது. மார்க்கெட் மேக்கர்கள் கால்களை விற்கவில்லை, வாங்கிக்கொண்டிருந்தார்கள். காமா ஸ்க்வீஸுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். நான் வரைந்து காட்டிய காகிதம் யாரிடமாவது இருந்தால் கிழித்துவிடுங்கள்.

கயிற்றை வேண்டுமென்றே இழுக்கவும் முடியும். இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2025 ஜூலையில் ஒரு வெளிநாட்டு வர்த்தக நிறுவனத்தின் மீது போட்ட இடைக்கால உத்தரவில் இருக்கும் குற்றச்சாட்டு அதுதான். 2024 ஜனவரி 17 காலையில் வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியில் உள்ள பங்குகளையும் ஃபியூச்சர்ஸையும் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கிக் குறியீட்டைத் தூக்கிப் பிடித்து, அந்த நேரத்தில் அதைப் போல ஏழு மடங்கு அளவுக்கு, குறியீடு விழுந்தால் லாபம் தரும் ஆப்ஷன் நிலைகளை எடுத்து, பிறகு பங்குகளை விற்றுக் குறியீட்டை இறங்கவிட்டார்கள் என்கிறது செபி. நிறுவனம் இதை மறுக்கிறது, இரண்டு சந்தைகளின் விலை வித்தியாசத்தில் லாபம் பார்க்கும் சாதாரண ஆர்பிட்ராஜ்தான் என்கிறது. வழக்கு எப்படிப் போனாலும் சரி, எனக்கு அந்த உத்தரவில் கண் நின்ற இடம் வேறு. அன்று பேங்க் நிஃப்டி ஆப்ஷன்களின் வியாபாரம், அதில் அடங்கிய பங்குகளின் வியாபாரத்தைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலி முந்நூறு பணத்தைத் தாண்டிவிட்டது. அவ்வளவு பெரிய நிழல் இருக்கும்போது, நிழலுக்காகப் பொருளை நகர்த்துவது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான்.

அப்புறம் எந்த அர்த்தமும் இல்லாத வியாபாரம் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்கச் சந்தையில் டிவிடெண்ட் தேதிக்கு முந்தைய நாள் சில பங்குகளின் கால் ஆப்ஷன்களில் வியாபாரம் வானத்துக்குப் போகும். யாருக்கும் எந்த ரகசியமும் தெரிந்து அல்ல. உரிமையைப் பயன்படுத்த மறந்துபோன சில கால் உரிமையாளர்களின் டிவிடெண்டைப் பங்குபோட்டுக்கொள்ள, தொழில்முறைக்காரர்கள் தங்களுக்குள் வாங்கி விற்று எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்வது அது. எக்ஸ்பயரி வாரத்தில் பழைய நிலையை முடித்து அடுத்த மாதத்துக்கு உருட்டுவதும் இதே ரகம். 'அன்யூஷுவல் ஆக்டிவிட்டி' என்று எச்சரிக்கை அனுப்பும் செயலிகளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரிவதில்லை. நான் அவற்றை நீக்கிவிட்டேன்.

இப்போது நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம், அதுவும் காலாண்டு முடிவுக்கு முன்னால் மட்டும். பங்கின் விலைக்கு மிக அருகிலுள்ள ஸ்ட்ரைக்கின் காலையும் புட்டையும் சேர்த்து வாங்க எவ்வளவு ஆகும் என்று பார்ப்பேன். பங்கு 100, கால் 4, புட் 4 என்றால், முடிவு வந்ததும் பங்கு ஏறத்தாழ 8 அளவுக்கு நகரக்கூடும் என்று சந்தை விலை போட்டிருக்கிறது. எந்தப் பக்கம் என்று அது சொல்வதில்லை. சொல்வது போல நடிப்பதும் இல்லை. அதனாலேயே எனக்கு அதன் மேல் மரியாதை.

போன காலாண்டில் என் நண்பன் ஒருவன் ஒரு பங்கின் கால் ஆப்ஷனை முடிவுக்கு முந்தைய நாள் மாலை வாங்கினான். ஓப்பன் இன்ட்ரஸ்ட், விகிதம், வியாபாரம் எல்லாவற்றையும் பார்த்து, ஏறும் என்று தீர்மானித்து வாங்கினான். கால், புட் இரண்டின் விலையையும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டேன். "அது எதுக்குடா, நான் கால் மட்டும்தானே வாங்கறேன்?" என்றான். மறுநாள் முடிவு நன்றாகவே வந்தது. பங்கு 100-இலிருந்து 102-க்கு ஏறியது. எட்டு நகரும் என்று விலை போட்ட சந்தைக்கு இரண்டுதான் வந்தது, பயமும் ஆசையும் ஒரே நிமிடத்தில் விலையிலிருந்து வடிந்துவிட்டன. பத்து மணிக்கு முன்னாலேயே போன் வந்தது.

"டேய், நான் சொன்ன மாதிரியே பங்கு ஏறிடுச்சு. நாலுக்கு வாங்கின கால் ரெண்டரையில நிக்குது. யார்ரா வித்தது எனக்கு?"